வாளி தூக்காத ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதிகாலையில் ரவாங்கில் ரயில் பிடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார், இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். வீட்டில் நான்கு அடி மீன்தொட்டி இருக்கிறது. "வாரா வாரம் தண்ணீர் மாற்றியே முதுகு போய்விட்டது. இதைத் தானாக நடக்கிற மாதிரி செய்ய முடியுமா? நீங்கள் ஏதோ செய்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள்" என்று எழுதியிருந்தார்.

செய்து வைத்திருக்கிறேன். ஆனால் அவருக்கு யாரோ சொன்னது என் முதல் ஏற்பாட்டைப் பற்றியாகத்தான் இருக்கும். அது இப்போது ஸ்டோர் அறையில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஏன் அங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குப் பயன்படும்.

சுங்கை சோவில் எங்கள் வீட்டில் இருக்கும் தொட்டி அப்பாவுடையது. தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், சிறு வயதிலேயே வாய்க்காலில் சண்டை மீன் பிடித்துப் பாட்டிலில் போட்டு, காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றையும் போட்டு வளர்த்தவர். தாமான் வீட்டுக்கு வந்த பிறகு பாட்டில் போய்க் கண்ணாடித் தொட்டி வந்தது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 255 லிட்டர். ஏஞ்சல் மீன், டெட்ரா, அடியில் சில கோரிடோராஸ். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் ஐந்து வாளி தண்ணீரை வெளியே எடுப்பார், ஐந்து வாளி உள்ளே ஊற்றுவார். பல வருடமாக இதுதான் நடந்தது.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கனமானதைத் தூக்கக் கூடாது. 15 லிட்டர் வாளி என்றால் 15 கிலோ. நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவன். இரண்டு வாரம் நான் மாற்றினேன், மூன்றாவது வாரம் மறந்தேன். நான்காவது வாரம் அப்பாவே வாளியோடு நின்றதைப் பார்த்ததும்தான் இயந்திரம் வைக்கிற யோசனை எனக்கு வந்தது.

தண்ணீரை ஏன் மாற்றவேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பலர் தண்ணீர் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது விஷம். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் விஷம். பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல, ஆனால் வீட்டுத் தொட்டியில் அது போவதற்கு வழி இல்லை. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி சேர்ந்துகொண்டே போகும். ஆற்றில் மழை அதைப் பார்த்துக்கொள்கிறது. தொட்டியில் நாம்தான் பார்க்கவேண்டும். லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 20க்குக் கீழே வைத்துக்கொள்வது மீன் வளர்ப்பவர்களிடையே வழக்கம். அதற்காகத்தான் வாரம் 30 விழுக்காடு, அதாவது எங்கள் தொட்டிக்கு 76 லிட்டர். அப்பாவின் ஐந்து வாளி அந்தக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒட்டிப் போனது. அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்து அதைச் செய்யவில்லை.

சரி, என் முதல் இயந்திரம். தொட்டிக்குள் ஒரு சின்ன பம்ப், அதற்கு ஒரு டைமர். விடியற்காலை மூன்று மணிக்கு அது ஓடி 25 லிட்டரை வெளியே தள்ளும். அடுத்து மின்சாரத்தில் திறக்கும் வால்வு ஒன்று குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடும். தண்ணீர் நிரம்பியதும் மிதவை மேலே வந்து மூடிவிடும், நம் கழிவறைத் தொட்டியில் இருக்கிற அதே மாதிரி மிதவைதான். குளோரினை எடுக்க இடையில் ஒரு கரி ஃபில்டர். எல்லாம் சேர்த்து 300 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நான்கு மாதம் அருமையாக ஓடியது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வாசகருக்குச் சொன்னவர் அப்போது வந்து பார்த்தவராக இருக்கவேண்டும்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு டிவி பார்க்க ஆரம்பித்தார். நான் அதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் சித்தியவானில் ஒரு கல்யாணம். குடும்பமாக மூன்று இரவு போய்விட்டோம். நாங்கள் கிளம்பிய அன்றே எங்கள் பகுதியில் குழாய் உடைந்து தண்ணீர் நின்றிருக்கிறது. டைமருக்கு அது எப்படித் தெரியும்? மணி மூன்று ஆனதும் பம்ப் ஓடியது, 25 லிட்டர் வெளியே போனது. வால்வு திறந்தது, உள்ளே ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் 25 லிட்டர். அதற்கு அடுத்த நாளும். மிதவை கீழேயே தொங்கியதால் வால்வு திறந்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் திரும்ப வந்தபோது, குழாயில் தங்கிய வண்டலோடும் குளோரினோடும் 75 லிட்டர் ஒரே மூச்சில் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் கரி ஃபில்டர் மெதுவான ஓட்டத்துக்கு உள்ளது. அந்த வேகத்தில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நாங்கள் வந்தபோது தொட்டி சரியான மட்டத்தில் நிரம்பியிருந்தது. இயந்திரம் தன் வேலையை முடித்திருந்தது. பதினான்கு மீனில் மூன்று மிச்சம். ஏழு வருடமாக அப்பாவின் விரலைப் பார்த்ததும் மேலே வரும் பெரிய ஏஞ்சல் ஃபில்டர் குழாயோரம் சாய்ந்து கிடந்தது.

அப்பா சட்டையைக் கூட மாற்றாமல் வலையை எடுத்து ஒவ்வொன்றாக எடுத்தார். நான் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டே நின்றேன். "நான் இருந்தா தண்ணி வரலைன்னு தெரிஞ்சிருக்கும்பா" என்றார். அவ்வளவுதான்.

யார் மீதும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. குழாய் எங்கேயும் உடையும். தண்ணீர் எப்போதும் வரும் என்று நம்பி நான் ஒன்றைக் கட்டிவிட்டேன், அதுவும் இந்தச் சிலாங்கூரில் இருந்துகொண்டு! 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த தண்ணீர் ரேஷனை நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2014இல் சிலாங்கூரில் மறுபடியும் முறை வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் நடந்தது நமக்கு இன்னும் பக்கத்தில். ரவாங்கில் உள்ள சுங்கை கோங் ஆற்றில் யாரோ கலந்த கழிவின் நாற்றம் சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து சேர, நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூடினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. நம் தாமான்களில் வாளி, டிரம், குளிர்பானப் பாட்டில் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் நின்றோமே, அதுதான்.

மேலே படும் ஆபத்து தண்ணீர் நிற்பதில் இல்லை. நின்ற தண்ணீரால் மீன் சாகாது. மாற்றாமல் இரண்டு வாரம் விட்டால்கூட, உணவைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலான தொட்டிகள் தாங்கும். திரும்பி வருகிற தண்ணீரில்தான் ஆபத்து. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கலாம். நமக்கு அது பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு அது நெருப்பு. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவையும் அது கொல்லும். அதனால்தான் பிழைத்த மூன்று மீன்களும் அடுத்த பத்து நாள் அம்மோனியாவோடு போராடின. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். யார் மாற்றியது என்று சொல்லவேண்டியதில்லை. நான் ஒரு வாரம் லீவு போட்டேன்.

அந்த லீவில்தான் இரண்டாவது ஏற்பாட்டை அப்பாவும் நானும் சேர்ந்து யோசித்தோம். முதலில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். குழாய்க்கும் தொட்டிக்கும் நேரடித் தொடர்பே இருக்கக்கூடாது. இடையில் ஒரு டிரம் நிற்கவேண்டும். எது கெட்டாலும் அந்த டிரம்மில் இருக்கிற அளவுக்குமேல் தொட்டிக்குள் போக முடியாது, அதுவும் மெதுவாகத்தான் போகும்.

டிரம் 80 லிட்டர், மூடி போட்டது, நீல நிற பிளாஸ்டிக். தொட்டியைவிட உயரமாக இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. நிரப்பினால் 80 கிலோ, எனவே ஸ்டாண்டை வெல்டிங் கடையில் செய்து வாங்குங்கள். பலகையும் ஆணியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ரப்பர் ஹோஸைக் குழாயில் மாட்டி டிரம்மை நிரப்புகிறார். தூக்குவது ஒன்றும் இல்லை. அதற்கு முன் குழாயை ஒரு நிமிடம் வீணாக ஓடவிட்டு நிறத்தைப் பார்க்கிறார், கையில் ஏந்தி முகர்ந்து பார்க்கிறார். கலங்கலாக இருந்தால் அன்று நிரப்புவதில்லை. நிரப்பிய பிறகு மீன் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரினை அளந்து போட்டு, ஒரு காற்றுக் கல்லை உள்ளே விட்டு, திங்கட்கிழமை காலையில் சொட்டவிடுகிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சில இடங்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துக் குளோரமைன் ஆக்கித் தண்ணீரில் விடுவார்கள். அது அப்படிப் பறக்காது. ஆகவே மருந்து வாங்கும்போது இரண்டுக்கும் ஆகுமா என்று பாட்டிலில் படித்துவிட்டு வாங்குங்கள். நான்கு ரிங்கிட் கூட, அவ்வளவுதான்.

டிரம்மின் அடியில் ஒரு சின்ன வால்வு. அதிலிருந்து காற்று பம்ப்புக்குப் போடும் மெல்லிய ட்யூப், அதன் நடுவே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது உருட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கிளாம்ப். வாரம் 76 லிட்டர் என்றால் மணிக்கு அரை லிட்டருக்கும் குறைவு, நிமிடத்துக்கு ஏழரை மில்லி. ஒன்றரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி கப்பைக் கீழே பிடித்து 13 நிமிடத்தில் நிரம்பினால் சரியான வேகம். முதலில் தோட்டக்கலைக் கடையில் மிளகாய்ச் செடிக்கு வாங்கும் சொட்டு முனையைத்தான் மாட்டிப் பார்த்தேன். அதற்கு அழுத்தம் வேண்டும். ஸ்டாண்டின் உயரம் தரும் அழுத்தம் போதவில்லை, அரை நாளில் நின்றுவிட்டது. கிளாம்ப்தான் எங்களுக்கு ஒத்துவந்தது. டிரம்மில் மட்டம் குறையக் குறையச் சொட்டும் மெதுவாகும், வியாழக்கிழமை வாக்கில் கொஞ்சம் தளர்த்திவிடவேண்டும். ட்யூபில் வழவழப்பு படிந்து அடைக்கவும் செய்யும். இதெல்லாம் தொல்லை என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்குப் படவில்லை.

உள்ளே சொட்டும் தண்ணீருக்கு வெளியே போக வழி வேண்டும். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டு, ரப்பர் வாஷரோடு பி.வி.சி. குழாய் பொருத்தியிருக்கிறோம். மட்டம் அந்தத் துளையைத் தொட்டால் தானாக வெளியே வழியும். பம்ப் இல்லை, மிதவை இல்லை, மின்சாரம் இல்லை. துளை போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: டெம்பர்ட் கண்ணாடி என்றால் துளையிட்ட நொடியில் முழுத் தொட்டியும் பொடிப்பொடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடிதானா என்பதைத் தொட்டி செய்தவரிடம் உறுதி செய்துகொண்டு, அவரையே துளைக்கச் சொல்வது நல்லது. துளையின் வாயில் ஒரு வலைத்துண்டு இருக்கட்டும், சின்ன டெட்ரா அந்த வழியே சுற்றுலா போகாமல் இருக்க.

வெளியே வரும் தண்ணீர் வாசலில் இருக்கும் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது. நைட்ரேட் என்பது செடிக்கு உரம்தானே. அந்த மரத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பறித்துக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தால்.

செலவு என்று பார்த்தால் வாரம் 76 லிட்டர், மாதம் ஏறக்குறைய 330 லிட்டர். 2024 பிப்ரவரியில் சிலாங்கூரில் வீட்டுக் கட்டணத்தின் முதல் 20 கன மீட்டர் 57 சென்னிலிருந்து 65 சென்னாக ஏறியது. அந்தக் கணக்கில் மாதம் 20 சென்னைச் சுற்றித்தான் வரும். தண்ணீர் பில்லைக் காரணம் காட்டி யாரும் மீனைப் பட்டினி... மன்னிக்கவும், அழுக்கில் போடவேண்டாம்.

கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கணினித் துறையில் இருக்கும் என் தம்பி மகன் சொன்னது. வாளியில் 76 லிட்டரை எடுத்துவிட்டு 76 லிட்டர் ஊற்றினால் பழைய தண்ணீரில் 30 விழுக்காடு போகிறது. சொட்டுச் சொட்டாக விட்டால் வெளியே வழிவதில் புதிய தண்ணீரும் கலந்திருக்கும், எனவே உண்மையில் 26 விழுக்காடு அளவுதான் மாறுகிறது. முழுத் தொட்டி அளவு, 255 லிட்டரைச் சொட்டவிட்டால்கூடப் பழைய தண்ணீரில் 37 விழுக்காடு உள்ளேயே இருக்கும். பரவாயில்லை. மீனுக்கு அதிர்ச்சி இல்லாத மாற்றம் அது. வேண்டுமென்றால் சொட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

டிரம்முக்கு மூடியும், மூடியில் காற்று ட்யூப் போகும் ஓட்டையைச் சுற்றி வலையும் கட்டாயம். தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். மீனைக் காப்பாற்றப் போய் வீட்டுக்கு டெங்கியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். சுகாதார அதிகாரிகள் வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பதில் சொல்லவேண்டியதும் நீங்கள்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சொட்டு நீர் நைட்ரேட்டைக் குறைக்கும், கல்லுக்கடியில் தங்கும் குப்பையை எடுக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹோஸ் வைத்து அடியை உறிஞ்சி எடுக்கத்தான் வேண்டும். ஹோஸின் மறுமுனையை வெளிக் கால்வாய் வரை நீட்டிவிட்டால் அதற்கும் வாளி தேவையில்லை. குறைந்த மட்டத்தை டிரம் அடுத்த இரண்டு மூன்று நாளில் நிரப்பிவிடும்.

எல்லா மீனுக்கும் இதே அளவு என்றும் இல்லை. பினாங்கில் டிஸ்கஸ் வளர்த்து விற்பவர்கள் குஞ்சுத் தொட்டிகளில் தினமும் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றுகிறார்கள், அவர்களுக்கு இந்த டிரம் ஒரு மூலைக்கும் காணாது. இன்னொரு பக்கம், நம் வட சிலாங்கூர் சதுப்புக் காட்டில் மட்டுமே வாழும் பெத்தா லிவிடா என்ற சிவப்புச் சண்டை மீன் இருக்கிறது, 1992இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். தேத்தண்ணீர் நிறத்தில், புளிப்புத் தன்மையுள்ள தண்ணீரில் வாழ்கிற மீன் அது. நம் குழாய்த் தண்ணீரைச் சொட்டவிட்டால் அதற்கு ஆகாது. காட்டிலேயே அருகிவரும் மீன், அதை வீட்டுக்குக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம். அப்பா சிறுவயதில் பிடித்தது அதுவா என்று கேட்டேன். "செவப்பா இருந்துச்சு, கடிச்சுச்சு" என்றார். அவ்வளவுதான் ஞாபகம்.

வாசகருக்கு என் பதில் இதுதான். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற உங்களுக்கு டைமரும் மின்சார வால்வும் கவர்ச்சியாகத்தான் தெரியும். கடையில் இப்போது கைப்பேசியில் இயக்குகிற மாதிரிகூட வந்துவிட்டது. அதை வாங்குவதானாலும், குழாயைத் தொட்டியோடு நேராக இணைக்காதீர்கள். நடுவில் டிரம் வையுங்கள். வெளியேற்றும் பம்ப்பின் வாயைத் தொட்டியின் மேல் நான்கு அங்குலத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அப்படி வைத்திருந்தால் எவ்வளவு தடவை ஓடினாலும் அதற்குக் கீழே உறிஞ்ச முடியாது, என் தொட்டியில் மூன்று இரவும் போன தண்ணீர் அவ்வளவும் போயிருக்காது. வீட்டில் அப்பாவோ அம்மாவோ இருந்தால் டிரம்மை நிரப்பும் வேலையை அவர்களிடம் விடுங்கள். தனியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் நீங்களே செய்யுங்கள்.

பாலேக் கம்போங், இந்தியப் பயணம் என்று இரண்டு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதானால் கிளாம்ப்பை முழுதாக மூடிவிட்டுப் போங்கள். போவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால், மீன் உணவைப் பொட்டலம் பொட்டலமாக மடித்து நாள் போட்டு வைத்துவிட்டு, டப்பாவை ஒளித்து வையுங்கள். பாவப்பட்டு அள்ளிப் போடுவார்கள்.

எங்கள் தொட்டியில் இப்போது ஒன்பது மீன். அந்த மூன்றில் இரண்டு இன்னும் இருக்கின்றன. புது ஏஞ்சல் ஜோடி ஒன்றை அப்பா ரவாங் கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் நாற்காலியை டிரம்முக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். ஹோஸ் ஓடுகிற பதினைந்து நிமிடமும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். போன வாரம், "அந்தச் சின்னது சாப்பிடல, ரெண்டு நாளா ஒதுங்கி நிக்குது, பாத்தியா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை.